இரண்டாவது ரசம்

ஒன்றே காலுக்கு அவர் வந்துவிடுவார். இப்போது மணி ஒன்று ஐந்து. அவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று அடைக்கலம் விடியற்காலையிலிருந்து யோசித்துவிட்டான், ஒன்றும் தேறவில்லை. நாலு இலைக்குச் சாம்பார் ஊற்றியாயிற்று, ஐந்தாவது டேபிள்காரர் கூட்டு கேட்கிறார், எட்டாவது டேபிளில் ஒரு குழந்தை அப்பளத்தைக் கீழே போட்டுவிட்டு வேறு அப்பளத்துக்கு அழுகிறது, இத்தனைக்கும் நடுவில் இடது கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ரொம்ப நேரம் நிக்காதீங்க என்று டாக்டரம்மா சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சப்ளையரைப் பார்த்து நிற்காதே என்றால் வேறு என்ன செய்வான், படுத்துக்கொண்டா பரிமாறுவான்? முட்டி வரை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு காலுறை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டதில் வலி குறையவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் திருச்சிக் கடையில் இருபத்திரண்டு வருஷம், அதற்கு முன்னால் தஞ்சாவூரில் நாலு வருஷம். சமயபுரத்தில் கோயில் வாசலில் கை நீட்டுகிறவர்களாவது உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் மனைவி செல்வராணியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அப்பிடியெல்லாம் பேசாத, நீ ஒழைச்சுச் சாப்புடுற என்றாள். உழைத்துத்தான் சாப்பிடுகிறான், யார் இல்லை என்றார்கள். ஆனால் உழைத்ததற்கு ஒரு கூலி, அது பற்றாமல் ஊரார் கையைப் பார்த்து இன்னொரு கூலி. முதலாவதற்குச் சம்பளம் என்று பேர். இரண்டாவதற்கு டிப்ஸ் என்று பேர் சொல்லிவிட்டு அதைப் பற்றி மேற்கொண்டு அவன் யோசித்ததே இல்லை. நேற்று நாலு மணியிலிருந்து வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஆறாம் டேபிளைப் பன்னிரண்டரையிலிருந்து காபந்து பண்ணி வைத்திருக்கிறான். ஜன்னல் ஓரமாக இரண்டு பேர் உட்காரும் சின்ன டேபிள், தலைக்கு நேரே மின்விசிறி. நாற்காலியை முன்னால் சாய்த்து வைத்து, டம்ளரைக் கவிழ்த்து, தண்ணீர் ஜக்கை நடுவில் நிறுத்தியிருக்கிறான். இரண்டு பேர் வந்து உட்காரப் பார்த்தார்கள். "ஆள் வர்றாங்க சார்" என்று அனுப்பிவிட்டான். கல்லாவிலிருந்து குணசேகர் ஒரு பார்வை பார்த்தான். பார்க்கட்டும். ஆள் வர்றாங்க சார். இதே வாய், இதே பொய். அஞ்சு மாசத்துக்கு முன்னால் இந்தப் பொய்யை அவரிடமே சொல்லி, இந்த டேபிளிலிருந்து அவரைக் கிளப்பி, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் டேபிளுக்கு அனுப்பியவன் இவன்தான். முதல் நாள், ஓ சரிப்பா என்று எழுந்து போனார். இரண்டாம் நாளும் போனார். நாலைந்து நாளில் அவராகவே நேரே பன்னிரண்டாம் டேபிளுக்கு நடக்கப் பழகிவிட்டார். அந்த நடை நேற்றிலிருந்து அடைக்கலத்தின் கண் முன்னாலேயே நிற்கிறது.

நேற்று நாலு மணிக்கு, மதியக் கூட்டம் ஓய்ந்து சப்ளையர்கள் சாப்பிட உட்காருகிற நேரத்தில், குணசேகர் கூப்பிட்டான். கல்லாவும் அவன்தான், மேனேஜரும் அவன்தான், முதலாளிக்கு அக்காள் மகன். "அண்ணே, கண்ணாடி காது ஒடிஞ்சுபோச்சு. ஒரு வாரமா போன்ல வந்த காசு, பேரையும் தொகையையும் படிங்க, நான் நோட்டுல டிக் அடிச்சுக்கிறேன்" என்றான். அடைக்கலம் படித்துக்கொண்டே வந்தான். யார் யாரோ பேர், என்னென்னவோ தொகை. பூவராகன், நூற்று அறுபது. கொஞ்சம் கீழே போனால் மறுபடி பூவராகன், நூற்று அறுபது. மறுபடியும். "யாருப்பா இந்தப் பூவராகன், தெனமும் நூத்தி அறுவது?" என்று கேட்டான், சும்மாதான் கேட்டான். "நம்ம ரெண்டு ரசம்தாண்ணே." "மீல்ஸ் நூத்தி நாப்பதுதானே?" குணசேகர் பேனாவால் காதைக் குடைந்துகொண்டே சொன்னான்: "கூட இருவது போடுவாரு. அந்த சப்ளையர்ட்ட குடுத்துருங்கன்னு மொத நாளே சொன்னாரு. நான் மாமாட்ட கேட்டேன். கடை அக்கவுண்டுல வந்தா அது கடைக் காசுதான்னுட்டாரு. இன்னும் அஞ்சாறு பேரு இப்பிடித்தான் கூடப் போட்டுட்டுப் போறாங்க. விடுங்கண்ணே, அடுத்தத படிங்க." அடைக்கலம் அடுத்ததைப் படித்தான். அதற்கடுத்ததையும் படித்தான். கடைசி வரைக்கும் படித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டான். அந்த அடுத்ததைப் படித்ததுதான் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தை, என்னய்யா இது என்று ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. இருபத்தாறு வருஷம் சரி சார், சரி சார் என்று சொன்ன தொண்டையில் அது இல்லாமலே போய்விட்டதோ என்னவோ.

பூவராகன். பதினோரு வருஷம் சோறு போட்டவருக்குப் பேர் பூவராகன் என்பது நேற்றுத்தான் தெரிகிறது. கடையில் யாருக்கும் பேர் கிடையாது. தயிர்சாதக்காரம்மா, வெங்காயம் வேண்டாம், போன் பேசுறவரு, ரெண்டு ரசம். மின்சார வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், அது மட்டும் ஒரு நாள் அவர் வாயால் வந்தது. ஞாயிறு தவிர தினமும் மதியம் வருவார். குழம்பு கொஞ்சம், பொரியல் கொஞ்சம், முதல் ரசம் சோற்றுக்கு. மோருக்கு முன்னால் ஒரு விரலைத் தூக்குவார், தண்ணீர் குடித்து முடித்த டம்ளரை நகர்த்தி வைப்பார். அதில் இரண்டாவது ரசம், தெளிவாக, மேலாக எடுத்து ஊற்ற வேண்டும். காபி குடிக்கிற மாதிரி ஊதி ஊதிக் குடிப்பார். குடித்து முடித்து எழுந்து போனபிறகு டம்ளரைத் தூக்கினால் அடியில் நாலாக மடித்த தாள் இருக்கும். முதலில் பத்தாக இருந்தது, அப்புறம் இருபது. கையில் கொடுக்க மாட்டார், அதுதான் அவரிடம் பிடித்தது. கையில் கொடுக்கிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். கொடுத்த காசுக்கு முகம் மலர்கிறதா என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஒருத்தர் கல்யாண நாள் என்று ஐநூறு கொடுத்துவிட்டு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, வச்சுக்க, புள்ள குட்டிக்கு எதாவது வாங்கிட்டுப் போ என்றார். அவன் வாங்கிக்கொண்டுதான் போனான், மகள் அபிநயாவுக்கு ஹாஸ்டல் பணம் கட்ட அந்த ஐநூறும் உதவியது, ஆனால் அன்றைக்கு முழுக்க முதுகில் எதுவோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ரெண்டு ரசத்திடம் அந்தத் தொல்லை கிடையாது. டம்ளர் இருக்கும், தாள் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் டம்ளரைத் தூக்கினால் ஈர வட்டம்தான் இருந்தது. மறந்திருப்பார். மறுநாளும் மறந்தார். ஒரு வாரம் பார்த்தான். பென்ஷன் வருகிறது, மகன் பெங்களூரில் இருக்கிறான், புதுசாகப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதைக் கல்லாவில் நீட்டி நீட்டிக் காசு கட்டுகிறார், கட்டிவிட்டுத் திரும்பி அடைக்கலம் நிற்கிற பக்கம் பார்த்துப் போனை லேசாகத் தூக்கிக் காட்டித் தலையாட்டிவிட்டுப் போகிறார். பெருமை! போன் வந்ததும் சப்ளையர் கண்ணுக்குத் தெரியவில்லை, அதை வேறு தூக்கிக் காட்டுகிறார் பாரு என்று அடைக்கலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நேற்று நாலு மணிக்குத்தான் தெரிந்தது. உனக்குப் போட்டுட்டேன்ப்பா என்று தினமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். இவன் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

சப்ளையர் ஒருத்தன் ஒருத்தரைத் தண்டிக்க நினைத்தால் அதற்கு வழி நிறைய உண்டு, எதிலும் கையும் களவுமாகப் பிடிபட மாட்டான். சத்தமே தேவையில்லை. வாளியில் அடியில் கிடக்கிற ரசத்தைக் கலக்கி ஊற்றலாம். அப்பளத்தில் உடைந்ததாகப் பார்த்து வைக்கலாம். இரண்டாவது தடவை சோறு கேட்டால், இதோ சார் என்று சொல்லிவிட்டு மூன்று டேபிளைச் சுற்றிவிட்டு வரலாம், அதற்குள் இலையில் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். எல்லாவற்றையும் விடப் பெரியது பார்க்காமல் இருப்பது. கூப்பிடுகிறவரின் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவர்க் கடிகாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவர் விரலைத் தூக்கிக்கொண்டே இருப்பார். தூக்கின விரலை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிகிற மாதிரி இறக்கிக்கொள்வார். அடைக்கலம் இதில் கெட்டிக்காரன், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கால்வலி மாதிரி தானாக வந்து சேர்ந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் என்றால், மார்ச் மாதம் முடிவதற்குள் ரெண்டு ரசம் இரண்டாவது ரசம் கேட்பதையே நிறுத்திவிட்டார். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதில் தண்ணீரே ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போனார். அதைத் தூண் ஓரமாக நின்று இவன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்குத் திருப்தியாக இருந்தது. இருந்தது, இல்லை என்று இப்போது சொல்லி என்ன பிரயோசனம்.

இன்னும் அஞ்சாறு பேரு என்றானே குணசேகர். யார் அந்த அஞ்சாறு பேர்? நாலாம் டேபிளில் உட்காரும் பேங்க் அம்மாவா, அவளுக்குக் கஞ்சம் என்று பேர் வைத்து ஆறு மாசம் ஆகிறது. சனிக்கிழமை வருகிற புருஷன் பெண்டாட்டியா? இத்தனை நாளாக முகம் சுளித்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, நீங்களா, நீங்களா என்று கேட்க முடியுமா? ஒருவர் விடாமல் எல்லாரிடமும் நன்றாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான், பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி சிரிக்க அவனால் முடியவில்லை. இருபது ரூபாய்க்கு ஒரு சிரிப்பு, ஐம்பதுக்கு ஒரு சிரிப்பு, வெறும் டம்ளருக்குக் கடிகாரம். சம்பளம் ஒழுங்காக இருந்தால் எவன் கையை எவன் பார்க்கப் போகிறான்? போன வருஷம் எல்லாருமாகப் போய்ச் சம்பளம் கேட்டபோது முதலாளி கோபப்படவே இல்லை, காபி வரவழைத்துக் கொடுத்தார். "டிப்ஸ் எவ்வளவு வருதுன்னு நான் என்னைக்காச்சும் கேட்டிருக்கேனா? அத உங்களுக்கே விட்டுட்டேன்ல?" என்றார். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் முகத்தில் நன்றி கூட வந்தது. அடைக்கலத்தின் முகத்திலும் வந்திருக்கும், அவன் எங்கே பார்த்தான் தன் முகத்தை. இப்போது அதுவும் அவர் பெட்டிக்கே போகிறது. சம்பளம் கேட்டால் டிப்ஸைக் காட்டினார், டிப்ஸைக் கேட்டால் அக்கவுண்டைக் காட்டுவார்.

மணி ஒன்றே கால். வந்துவிட்டார். குடையை வாசலில் மாட்டிவிட்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்க்காமல் நேரே பன்னிரண்டாம் டேபிளுக்கு நடக்கிறார். அங்கே தரை எப்போதும் ஈரம், கை கழுவிவிட்டு உதறிக்கொண்டே வருகிறவர்களின் தண்ணீர் அவர் இலையில் தெறிக்கும். அடைக்கலம் சாம்பார் வாளியை ஐந்தாம் டேபிளிலேயே வைத்துவிட்டு ஓடினான், கால் ஓட விடவில்லை, ஓடுகிற மாதிரி நடந்தான். "சார், இங்க வாங்க சார்." அவர் நின்றார். ஏதோ தப்புச் செய்துவிட்ட ஆள் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "இங்கயும் ஆள் வர்றாங்களாப்பா?" என்றார். "இல்ல சார், ஆறாம் டேபிள் காலியா இருக்கு, ஃபேனுக்கு அடியில உக்காருங்க." "பரவால்லப்பா, யாராச்சும் வந்தா மறுபடி எந்திரிக்கணும்." "யாரும் வரமாட்டாங்க சார்." அவர் உட்கார்ந்தார், நாற்காலி நுனியில், எழுந்திருக்கத் தோதாக. அடைக்கலம் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தான். முழு அப்பளமாகப் பார்த்து வைத்தான். பொரியலை இரண்டு கரண்டி வைத்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

இப்போது சொல்லிவிடலாம். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் யாரும் இல்லை. சார், நீங்க போன்ல போடுற இருவது எனக்கு வர்றதில்ல. பத்து வார்த்தை கூட இல்லை. சொன்னால் என்ன ஆகும்? அப்படியா என்பார், நாளையிலிருந்து தாளாகக் கொடுப்பார். அதற்காகத்தான் சொன்னேன் என்று ஆகிவிடும், அதை நினைத்தால் நாக்கு மேலே எழவில்லை. இல்லை, அவர் நேரே கல்லாவுக்குப் போய்ச் சத்தம் போடுவார். ஜூன் மாசம் ஜெபராஜ் ஒரு கஸ்டமரிடம், சார் போன்ல வேணாம், கையில குடுத்துருங்க என்று சொன்னது குணசேகர் காதில் விழுந்தது. கஸ்டமர்ட்ட காசு கேக்குறவன் நம்ம கடைக்கு வேணாம் என்று மறுநாளே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஜெபராஜுக்கு முப்பது வயசு, வேறு கடை கிடைத்தது. நாற்பத்தொன்பது வயசில், காலில் இந்த நரம்போடு, எந்தக் கடை வாசலில் போய் நிற்பது? புதுக்கடைகளில் எல்லாம் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிடச் சொல்கிறார்கள். அபிநயாவுக்கு இன்னும் ஒரு வருஷம் நர்சிங் படிப்பு பாக்கி. செல்வராணிக்கு இது எதுவும் தெரியாது, சொன்னால், பேசாம இரு என்பாள், பேசாமல் இருப்பதற்கு நூறு காரணம் இருக்கிறது, அவன் எண்ணிப் பார்த்துவிட்டான். பேசாமல் இருந்து, ஆறாம் டேபிளைக் கொடுத்து, இரண்டாவது ரசம் ஊற்றி, பழையபடி நன்றாகக் கவனித்துக்கொண்டால் போதாதா? கணக்கு நேராகிவிடாதா? இவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததும் மனசு அக்கடா என்று சாய்ந்தது. இவருக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் அதுவே முள்ளாகத் திரும்பிக்கொண்டது. இவருக்கு ஒன்றும் தெரியாது, அஞ்சு மாசமாக ஒன்றும் தெரியாமல்தான் அந்த ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பார்? அதை அடைக்கலம் இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. காரணம் தெரியாமல் ஒருத்தன் தன்னைப் பார்க்காமலே போனால் மனுஷன் என்னவென்று எடுத்துக்கொள்வான்? எட்டு டேபிள் ஆர்டரை எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்கிற தலை, இந்த ஒன்றுக்கு மட்டும் ஓடவில்லை. எட்டாம் டேபிளிலிருந்து மோர் மோர் என்று கூப்பிட்டார்கள். போய் ஊற்றிவிட்டு வந்தான்.

அடுக்களைக்குப் போய் ரசவாளியில் கலக்காமல் மேலாக ஒரு கரண்டி தெளிவாக எடுத்துக்கொண்டு வந்தான். அவர் சோறு முடித்திருந்தார். டம்ளர் காலியாக இருந்தது, ஆனால் நகர்த்தி வைக்கவில்லை, விரலும் எழவில்லை. "சார், ரசம்" என்றான். அவர் கையை இலைக்கு மேலே குடை மாதிரி பிடித்தார். "போதும்ப்பா, ஆச்சு." "சோத்துக்கு இல்ல சார். டம்ளர்ல." அவர் அவனைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிசாக, கொஞ்சம் பழுப்பேறி இருந்தது, பதினோரு வருஷத்தில் அந்தக் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை. "நீங்களே ஓடிக்கிட்டிருக்கீங்க. எதுக்குச் சிரமம்?" என்றார். நீங்க. முன்பெல்லாம் நீதான், எப்போது நீங்களாயிற்று? அடைக்கலம் ஊற்றினான். மிளகும் சீரகமும் மணந்தது. அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். கை ஆடியது, அதனால்தான் இரண்டு கை. தாளை நாலாக மடிக்க இந்தக் கையால் முடியாது, அதனால்தான் போன், மகன் வாங்கிக் கொடுத்த போன். இது கூடத் தெரியவில்லை எனக்கு. பாதிக் குடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, சின்னதாக, யாருக்கும் காட்டாமல். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு பேசாமல் இருப்பதற்கு வைத்திருந்த நூறு காரணத்தில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அவர் குடித்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்ததும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே கல்லாவுக்கு நடந்தான்.

அவர் போனை நீட்டினார், விரலால் தடவித் தடவி எண்களை அழுத்தினார். கல்லாவில் இருக்கிற பேசும் பெட்டி, நூற்று அறுபது ரூபாய் பெறப்பட்டது என்று ஒரு பெண் குரலில் சொன்னது. நாள் முழுக்கச் சொல்கிறாள், ஒரு தடவை கூட அலுத்துக்கொண்டதில்லை, அவளுக்குக் கால் வலி கிடையாது. பூவராகன் பழக்கம் மாறாமல் போனை லேசாகத் தூக்கிக் காட்டத் திரும்பினார். அடைக்கலம் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"சார், நீங்க கூடப் போடுற இருவது எனக்கு வர்றதில்ல சார்."

"அண்ணே" என்றான் குணசேகர். "அண்ணே, உள்ள போங்க."

"இருங்க தம்பி" என்றார் பூவராகன். "சப்ளையர்ட்ட குடுத்துருங்கன்னு உங்ககிட்டச் சொல்லித்தானே போட்டேன்?"

"சார், அது கடை அக்கவுண்ட் சார். எனக்கு ஒண்ணும் பவர் இல்ல. ஓனர் சாயங்காலம் வருவாரு, பேசிக்கங்க."

அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. அடைக்கலத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஒண்ணுமே வரலையா? பிப்ரவரிலேருந்தா?"

"ஆமா சார்."

மீட்டர் பார்த்த கண் அது, ஒரு இடத்தில் நின்றால் படித்து முடிக்காமல் நகராது. கை கழுவுகிற இடத்தைப் பார்த்தார். ஈரத் தரையில் நிற்கிற பன்னிரண்டாம் டேபிளைப் பார்த்தார். தலையைத் திருப்பி, ஜன்னல் ஓரம், மின்விசிறி, ஆறாம் டேபிள், அதன்மேல் இருக்கிற டம்ளர். காசைப் பற்றிச் சொல்லத்தான் அடைக்கலம் இத்தனை தைரியத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தான். மற்றதையும் அதோடு சேர்த்துச் சொன்னதாகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அதனாலதான் என்னை அங்க உக்கார வச்சீங்களா?"

இல்லை சார் என்று சொல்ல வாய் திறந்தான். "ஆமா சார்" என்றுதான் வந்தது.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தான், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார், அது ஒரு தடவையில் பைக்குள் போகவில்லை. "எனக்கு வயசாயிடுச்சுல்ல, அதான் யாரு கண்ணுக்கும் தட்டுப்படல போலன்னு நெனைச்சுக்கிட்டேன்" என்றார். "இனிமே அப்பிடித்தான்னு பழகிக்கிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். வாசலில் குடையை எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சுவரைப் பிடித்து இரண்டு படியையும் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நாளைக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ஆறு மணிக்கு மாமா வருவாரு" என்றான் குணசேகர், முகத்தைப் பார்க்காமல் ஒடிந்த கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டே. "நான் ஒண்ணும் மறைக்க முடியாதுண்ணே. நீங்களே பேசிக்கங்க." சரிப்பா என்றான் அடைக்கலம்.

ஆறு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் நிற்க வேண்டும். திரும்பி நடந்தான். நரம்பு முழங்கால் வரை ஏறிவிட்டது. ஆறாம் டேபிளில் இலை அவர் பக்கமாக மடிந்து கிடந்தது, டம்ளரின் அடியில் நாலைந்து மிளகுத் துணுக்கு. ஒன்றும் இருக்காது என்று நன்றாகத் தெரிந்தும் கை தானாக டம்ளரைத் தூக்கிப் பார்த்தது. ஈர வட்டம். இலையை எடுத்துக்கொண்டு போவதற்கு ஆள் வந்தார், அடைக்கலம் துணியை வாங்கித் தானே துடைத்தான், வட்டம் போகிற வரைக்கும் துடைத்தான், போனபிறகும் துடைத்தான். மனுஷன் அஞ்சு மாசமாகத் தனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். இருபது ரூபாய். வேலை போகிறதோ நிற்கிறதோ, இனிமேல் ஒருத்தர் உட்கார்ந்தால் முதலில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அதையாவது செய்ய வேண்டும், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, யாரோ ஆறாம் டேபிளில் உட்கார்ந்தார்கள். முகத்தைத்தான் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அடைக்கலம் திரும்பினான். கண் நேரே வந்தவரின் சட்டைப்பைக்குத்தான் போயிற்று. பையில் போன் மட்டும் இருந்தது. தண்ணீர் ஊற்றினான்.